கேட்டறிவதும் அன்பே

பங்குத் திருவிழா என்றால் நமக்கெல்லாம் மகிழ்ச்சி. கொடியேற்றத்தின் வேட்டொலி, பேண்டு வாத்தியம், ஒலிபெருக்கி, தேர்ப்பவனியின் நெரிசல், தூபத்தின் மணம் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே விழா என்று எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் அதே வேளையில், இரு காதுகளையும் பொத்திக்கொண்டு அலறும் குழந்தை ஒன்றும், அதைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தை விலக்கி வெளியே விரையும் தாய் ஒருத்தியும் பல பங்குகளில் உண்டு. சில குடும்பங்கள் நாளடைவில் ஞாயிறு திருப்பலிக்கு வருவதையே நிறுத்திவிடுகின்றன.

சட்டைக் காலரின் உள்ளே தைத்த சிறு துணித்துண்டு உறுத்துவதைத் தாங்காத குழந்தைகள் உண்டு. குழைந்த சோறு நாவில் பட்டதும் குமட்டுபவர்கள் உண்டு. இதற்கு மாறாக, விழுந்து அடிபட்டாலும் வலியைப் பெரிதாக உணராமல், ஓயாமல் சுழன்றும் மோதியும் திரிபவர்களும் உண்டு. இவர்களைக் கண்டதும் ஊர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது: “செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள், இரண்டு அடி போட்டால் சரியாகிவிடும்.” பெற்றோர் மருத்துவரிடம் காட்ட விரும்பினாலோ, வீட்டிலிருந்தே தடை எழுகிறது: “பிள்ளைக்குக் குறை என்று எழுதி வாங்கப் போகிறாயா? வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள், போதும்.”

இங்கே நாம் சிந்திக்க வேண்டிய அறநெறிக் கேள்விகள் இரண்டு. குழந்தையைப் பரிசோதித்து அறிய முற்படுவது நம்பிக்கைக் குறைவா? அப்படி அறிந்து ஒரு பெயர் சூட்டுவது அக்குழந்தையைச் சிறுமைப்படுத்துவதா?

முதலில் உண்மை நிலையை அறிவோம். மனிதனின் அறிவு புலன்களிலிருந்தே தொடங்குகிறது என்பது புனித தாமஸ் அக்குவினாவின் போதனை. புலன்கள் கொண்டுவரும் செய்திகளை மூளை ஒழுங்குபடுத்துவதில் சில குழந்தைகளுக்கு இடர்ப்பாடு ஏற்படுகிறது என்பதை அமெரிக்காவில் ஆக்குபேஷனல் தெரபி வல்லுநராக விளங்கிய ஜீன் அயர்ஸ் 1972-இல் வெளியிட்ட நூலில் விரிவாக விளக்கினார். ஐம்புலன்களோடு, உடலின் சமநிலையை உணர்த்தும் புலனையும், தசைகளும் மூட்டுகளும் தரும் உணர்வையும் அவர் கருத்தில் கொண்டார்.

எனினும் இத்துறையில் எல்லாம் முடிந்த முடிபு அன்று. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கழகம் 2012-இல், இந்த இடர்ப்பாட்டைத் தனியொரு நோயாகப் பெயரிடுவதைப் பொதுவாகத் தவிர்க்குமாறு அறிவுறுத்தியது. இதற்கான சிகிச்சையின் பயனைக் காட்டும் சான்றுகள் குறைவு என்பதைப் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும் என்றும் கூறியது. 2013-இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவர்களின் வகைப்பாட்டு நூலோ, புலனுணர்வு மிகுதியையும் குறைவையும் ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. ஆகவே புலன் இடர்ப்பாடு உள்ள குழந்தைக்கு ஆட்டிசம் இருக்கலாம், கவனக்குறைபாடு இருக்கலாம், செவியில் கோளாறு இருக்கலாம், இவற்றுள் எதுவும் இல்லாமலும் இருக்கலாம். அதனாலேயே செவி, கண், பேச்சு, வளர்ச்சி அனைத்தையும் சேர்த்துப் பார்க்கும் முழுமையான பரிசோதனை தேவைப்படுகிறது. ‘முற்றிலும் குணமாக்குகிறோம்’ என்று வாக்களித்துப் பெருந்தொகை கேட்போரிடம் பெற்றோர் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

இனி முதற்கேள்விக்கு வருவோம். மாற்கு நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில், துன்புறும் மகனை ஒரு தந்தை ஆண்டவரிடம் கொண்டுவருகிறார். அனைத்தையும் அறிந்த ஆண்டவர், குணமளிக்குமுன் அத்தந்தையிடம், இது எவ்வளவு காலமாக இருக்கிறது என்று வினவுகிறார். தந்தையும் குழந்தைப் பருவத்திலிருந்தே நேர்வதையெல்லாம் எடுத்துரைக்கிறார். நல்ல மருத்துவர் பெற்றோரிடம் முதலில் கேட்பதும் இதைத்தானே! அருள் இயற்கையை அழிப்பதில்லை. அதை நிறைவு செய்கிறது என்று இறையியல் கற்பிக்கிறது. மருத்துவரை மதிக்கச் சொல்லும் சீராக்கின் ஞானநூல், அவரைப் படைத்தவரும் ஆண்டவரே என்கிறது. நேர்ச்சையும் மருத்துவமும் ஒன்றுக்கொன்று போட்டி அல்ல. ஒரே நம்பிக்கையின் இரு கைகள் அவை.

இரண்டாம் கேள்வி சற்றுக் கடினமானது. பெயர் சூட்டுவதில் இடர் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. பெயரை மட்டும் கண்டு குழந்தையைக் காணாமற் போகும் ஆசிரியர்களும் உறவினர்களும் உண்டு. ஆனால் ‘அடங்காப்பிள்ளை’ என்பதும் ஒரு பெயர்தானே? எந்தப் பரிசோதனையும் இன்றி, அரை நிமிடத்தில், கூட்டத்தின் நடுவே சூட்டப்படும் பெயர் அது. போதிய ஆதாரமின்றிப் பிறர்மீது குற்றம் சாட்டுவதை முன்யோசனையற்ற தீர்ப்பு என்று திருச்சபையின் அறநெறி கண்டிக்கிறது. அறிவும் மனச்சம்மதமும் இல்லாத இடத்தில் சாவான பாவமில்லை என்று மறைக்கல்வியில் நாம் அனைவரும் கற்றோம். மணியோசை தாங்காமல் அழும் குழந்தை கீழ்ப்படிய மறுக்கவில்லை, அதனால் இயலவில்லை. அதற்காக, குழந்தையின் பிடிவாதம் அனைத்தையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை. இயலாமை எது, பிடிவாதம் எது என்று பிரித்தறியவே பரிசோதனை. அந்தத் தெளிவு இல்லாமல் கண்டிப்பது அநீதியாகலாம்; கண்டிக்காமல் விடுவதும் அநீதியாகலாம்.

பெற்றோருக்கு நாம் ஆற்ற வேண்டிய கடமையும் உண்டு. பரிசோதனைக்குச் செல்லும் நாள் கூலித் தொழிலாளிக்கு வருமானமற்ற நாள். அரசு 2013-இல் தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின்படி, பிறப்பு முதல் 18 வயது வரை உள்ளோர் அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் பரிசோதிக்கப்பட்டு, மாவட்ட அளவிலான இடையீட்டு மையங்களுக்கு அனுப்பப்படுகின்றனர். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 2005-இல் நிறுவப்பட்ட, பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இயங்குகிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் குழந்தை வளர்ச்சிக்கெனத் தனிப் பிரிவு உண்டு. இவற்றை எடுத்துச் சொல்வதும், துணைக்கு ஒருவரை அனுப்புவதும், பயணச் செலவை ஏற்பதும் நம் வின்சென்ட் தே பால் சபைக்கும் அன்பியங்களுக்கும் இயலாத செயல்கள் அல்ல.

உடலிலோ மனத்திலோ குறைபாடு உடையோர்க்கும் மறைக்கல்வி கிடைக்கச் செய்வது பங்குத்தந்தையின் கடமை என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 777-ஆம் சட்டம் கூறுகிறது. அர்ச்சிக்கப்படாத அப்பத்தை முன்கூட்டியே சுவைத்துப் பழகச் செய்யலாம். அப்பத்தை எவ்வகையிலும் உட்கொள்ள இயலாதவர்க்குத் தேவையின்போது இரசத்தின் வடிவில் மட்டும் நற்கருணை வழங்க 925-ஆம் சட்டம் இடமளிக்கிறது. பக்கவாயிலின் அருகே ஓர் இருக்கை, வேட்டு வெடிக்கும் நேரத்தை முன்னரே அறிவித்தல், ஒலிபெருக்கியைச் சற்றுத் தணித்தல் ஆகியவற்றால் திருவழிபாட்டின் மாண்பு குறைந்துவிடாது.

செவிகேளாத ஒருவரை ஆண்டவர் குணமாக்கியபோது, கூட்டத்திலிருந்து அவரைத் தனியே அழைத்துச் சென்றார் என்று மாற்கு குறிப்பிடுகிறார். கூட்டத்தைப் பழகிக்கொள் என்று அவரிடம் சொல்லவில்லை. அவருக்கு ஏற்ற இடத்துக்குத் தாமே அவரோடு நடந்தார். தம் பிள்ளையை அழைத்துக்கொண்டு பரிசோதனைக்குச் செல்லும் தாய் தந்தையர் அந்த நடையைத்தான் நடக்கிறார்கள். அவர்களை வழிமறித்து நிற்பதா, உடன் நடப்பதா என்பதை நாமே தீர்மானிக்க வேண்டும்.