கத்தாத நோயாளி

பென்னாகரத்தில் ஒரு மாடு காலையில் தீனியில் வாய் வைக்கவில்லை என்றால் மத்தியானத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். ஒருவர் காதைத் தொட்டுப் பார்ப்பார், ஒருவர் அசை போடுகிறதா என்று குனிந்து பார்ப்பார், இன்னொருவர் மிளகும் வெற்றிலையும் வைத்து அரைத்து எடுத்துக்கொண்டே வந்துவிடுவார். ஆட்டுக்குக் கழிச்சல் என்றால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும் பக்குவம் தெரியும். அப்படிப்பட்ட ஊரில், ஆமைக்கு உடம்பு சரியில்லை என்று போய் யாரிடம் சொல்வது?

அக்கா மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். அவன் பிள்ளைக்காக வாங்கிய ஆமை. வீடு மாறும் சமயத்தில், “கொஞ்ச நாளைக்கு வெச்சிருங்க மாமா, பெருசா ஒண்ணும் வேலையில்ல” என்று ஒரு பிளாஸ்டிக் டப்போடு இறக்கிவிட்டுப் போனான். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு ஓடும் ரெட் இயர்டு ஸ்லைடர். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகையைச் சேர்ந்த இனம், நம்மூர் மீன்தொட்டிக் கடைகளில் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக விற்கிறார்கள். எங்களிடம் வந்தபோது உள்ளங்கை அளவு இருந்தது. இரண்டு கண்ணும் வீங்கி மூடியிருந்தன. ஓட்டின் ஓரத்தை விரலால் அழுத்தினால் லேசாக அமுங்கியது. தீனி போட்டால் திரும்பக்கூட இல்லை. “தூங்குது போல” என்றார்கள் வீட்டில். பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

அதில்தான் சிக்கல். நலமாக இருக்கும் ஆமை செய்வதையேதான் சாகக் கிடக்கும் ஆமையும் செய்யும்: அசையாமல் கிடக்கும். காட்டில் நோவைக் காட்டிக்கொண்டால் பிடித்துத் தின்ன ஆள் இருக்கிறது, அதனால் கடைசிவரை மறைக்கும். வாரக்கணக்கில் பட்டினி தாங்கும். ஆமைக்கு உதரவிதானம் கிடையாது. விலா எலும்புகள் ஓட்டோடு சேர்ந்துவிட்டதால் நம்மைப்போல நெஞ்சு விரிந்து சுருங்கவும் வழியில்லை, கால் மடியும் இடத்துத் தசைகளை இழுத்து இழுத்துத்தான் மூச்சு விடுகிறது. சளி பிடித்தால் நம்மைப்போல இருமித் துப்ப முடியாது. நீரில் வாழும் ஆமைக்கு நுரையீரலில் சளி கட்டினால் ஒருபக்கமாகச் சாய்ந்து மிதக்கும், மூக்கில் குமிழி வரும். அதெல்லாம் நம் கண்ணுக்குத் தெரியும்போது நோய் பழையதாகியிருக்கும்.

எடை போட்டு எழுதி வைப்பதுதான் நம்பகமான வழி என்று தெரிந்துகொண்டு, புளி வாங்கி விற்கும் கடையின் எலக்ட்ரானிக் தராசுக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் தட்டைத் துடைத்துக் காகிதம் விரித்தார். 120 கிராம். “ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு தெரியாதா சார் உங்களுக்கு?” என்றார். ஜப்திக்கு வரும் அமீனாக்களை இப்போது யார் பார்த்திருக்கிறார்கள்? வாரா வாரம் குழுக்கடன் வசூலிக்க வருகிறவரைத்தான் இந்தத் தெரு பார்க்கிறது. அவர் கடையிலேயே கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி ஆமை, வடக்குப் பார்த்து, தண்ணீர்க் கிண்ணத்தில் உட்கார்ந்திருந்தது. வாஸ்துவாம். கண்ணாடியில் என்றால் லட்சுமி, உயிரோடு வந்தால் மூதேவி. ஆந்திராவில் ஸ்ரீகாகுளம் பக்கம் ஸ்ரீகூர்மம் கோயிலில் கூர்மாவதாரமே மூலவர், அங்கே நட்சத்திர ஆமைகளை வளாகத்திலேயே வளர்க்கிறார்கள் என்று சொன்னேன். “அது கோயிலு, இது வீடு” என்று முடித்துவிட்டார். அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது?

கால்நடை மருத்துவர் ஒளிவுமறைவில்லாமல் பேசினார். “நான் பாக்குறது மாடு, ஆடு, கோழி. ஆமைக்கு நானா ஊசி போட மாட்டேன்” என்றார். ஏன் என்று அவர் விளக்கியது எனக்குப் புதுச் செய்தி. ஆடு மாடுகளின் குடற்புழுவுக்கும் உண்ணிக்கும் போடும் ஐவர்மெக்டின் இந்த வட்டாரத்தில் எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. அதைக் கண்டுபிடித்ததற்கு 2015-இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். அதே மருந்து ஆமைக்கு விஷம். மூளைக்குள் இறங்கி, கைகால் முடங்கி, மூச்சு நின்றுபோகும். வைட்டமின் ஏ குறைந்தால் ஆமைக்குக் கண் வீங்கும், அதையே ஊசியில் அளவு மீறிப் போட்டால் தோல் உரிந்துவிடும். ஆமையின் உடம்பு மருந்தை மெல்லத்தான் வெளியேற்றும் என்பதால் நாளுக்கு இரண்டு வேளை என்ற கணக்கெல்லாம் அதற்குச் செல்லாது. சில மருந்துகளை இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறைதான் போடவேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இருக்கும் நண்பர் ஒருவருக்கு அங்கேயே போன் போட்டுக் கேட்டார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த முதல் கேள்வி நோயைப் பற்றியே இல்லை. “எங்க வெச்சிருக்காங்க? ராத்திரி எவ்வளவு குளிரு?”

மாடிப்படிக்கு அடியில் வைத்திருந்தோம். அது மார்கழி. பென்னாகரத்து மார்கழி எப்படி என்று ஒகேனக்கல்லுக்கு விடிகாலைப் பஸ் பிடித்தவர்களுக்குத் தெரியும்.

இந்தக் கேள்வியின் பொருள் பிறகு படிக்கப் படிக்கத்தான் விளங்கியது. 1970-களில் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மேத்யூ க்ளூகர் குழுவினர் பாலைவன இகுவானாப் பல்லிகளுக்குக் கிருமித்தொற்று உண்டாக்கிப் பார்த்தார்கள். நோய் வந்த பல்லிகள் வழக்கத்தைவிடச் சூடான இடத்தைத் தேடிப் போய் உட்கார்ந்தன. அப்படிச் சூட்டில் இருந்தவை பெரும்பாலும் பிழைத்தன, குளிர்ச்சியில் அடைத்து வைக்கப்பட்டவை செத்தன. ஊர்வனவற்றுக்கு உள்ளிருந்து காய்ச்சல் வராது, அது நடந்து போய் வாங்கிக்கொள்ள வேண்டிய ஒன்று. ஆமையும் அந்த வகைதான். நமக்குக் காய்ச்சல் உடம்பில் இருக்கிறது, ஆமைக்கு அது ஓர் இடத்தில் இருக்கிறது. ஒரே சூட்டில், ஒரே இருட்டில், நான்கு பக்கமும் வழவழப்பான சுவருள்ள டப்பில் கிடக்கும் ஆமையால் காய்ச்சல் அடிக்கக்கூட முடியாது. அதன் வைத்தியத்தை அதனிடமிருந்து நாம் பறித்து வைத்திருக்கிறோம்.

ஓடு மென்மையானதும் அப்படித்தான். வெயிலில் இருக்கும் புறஊதாக் கதிர் பட்டால்தான் அதன் உடம்பு வைட்டமின் டி தயாரிக்கும், வைட்டமின் டி இருந்தால்தான் தின்ற சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேரும். ஓடு என்பதும் எலும்புதான். ஜன்னலோரம் வைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தக் கதிரை ஜன்னல் கண்ணாடி தடுத்துவிடும், வெளிச்சம் மட்டும்தான் உள்ளே வரும். கடைக்காரர்கள் தந்து அனுப்பும் காய்ந்த இறாலையே தின்று வளர்ந்தால் கண்ணும் போகும், ஓடும் போகும். கொடுக்கிற கை பாசத்தோடுதான் கொடுக்கிறது.

இதெல்லாம் விளங்கியபோது எனக்கு ஆமை நினைவு போய், ஊர் நினைவு வந்தது. தருமபுரி மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் சிரிக்கும்போது பல்லைப் பாருங்கள். பழுப்புக் கோடு, சுண்ணாம்புத் திட்டு. என் பல்லிலும் உண்டு. “எங்க ஊருக்காரங்க பல்லே இப்படித்தான்” என்று சொல்லிப் பழகிவிட்டோம். நாற்பது வயதில் முதுகு விறைத்துப்போனவர்களையும் முட்டி வளைந்தவர்களையும் பார்த்தால் கல்லு மண்ணு சுமந்த உடம்பு என்போம். எல்லாம் தண்ணீர். பாறையிலிருந்து கரைந்து வரும் ஃபுளோரைடு. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது கணக்கு. கிணறுகள் வற்றி ஆழ்துளைக் கிணறுகளை ஆழமாக்க ஆழமாக்க அது கூடிக்கொண்டு போனது. யாரும் ஒரே நாளில் படுத்துவிடவில்லை, அதனால் யாருக்கும் அது நோயாகப் படவில்லை. பாலில் கலந்து, கேழ்வரகுக் களியில் கலந்து, தாயே பிள்ளைக்குக் கொடுத்த தண்ணீர் அது. எலும்பில் ஏறியதை இறக்க மருந்து கிடையாது. தண்ணீரை மாற்றுவதுதான் வைத்தியம். அதற்குத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரைடு பாதிப்புக் குறைப்புத் திட்டம் வந்தது. 2008-இல் அடிக்கல் நாட்டி, 2013-இல் காவிரித் தண்ணீர் குழாயில் வந்தது. எத்தனை தலைமுறை தாண்டி!

ஆமையையும் ஊரையும் ஒரே தட்டில் வைப்பதாக யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். நோய் என்றால் உடம்புக்குள் தேடுகிறோம், வைத்தியம் என்றால் மாத்திரையும் ஊசியும் என்று நினைக்கிறோம். சில நோய்கள் இருக்கும் இடத்தில் இருக்கின்றன, தினமும் வாயில் வைப்பதில் இருக்கின்றன. அவை கத்துவதில்லை. மாடு கத்துகிறது, ஆடு கத்துகிறது, நாய் வந்து காலடியில் படுத்துக்கொள்கிறது. நம்முடைய அக்கறை சத்தத்துக்குப் பழகிப்போனது.

கத்தாத நோயைக் கவனித்தவர்களும் உண்டு. தென் அட்லாண்டிக் கடலில் செயின்ட் ஹெலெனா தீவு, நெப்போலியன் சிறையிருந்த இடம். அங்கே ஜோனதன் என்ற பெரிய ஆமை 1882-இல் வந்து சேர்ந்தது. 1832 வாக்கில் பிறந்திருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். கண்ணில் புரை விழுந்து, மோப்ப சக்தியும் போய், எலும்பும் தோலுமாகி, முன்வாய் அலகு நொறுங்கத் தொடங்கியிருந்தது. அலகு மழுங்கினால் புல்லைக் கடிக்க முடியாது, புல் கடிக்காவிட்டால் சத்து சேராது, சத்து இல்லாவிட்டால் அலகு இன்னும் மழுங்கும். கிழடாகிவிட்டது என்று விட்டிருக்கலாம். தீவுக்கு வந்த கால்நடை மருத்துவர் ஜோ ஹாலின்ஸ் கையுறை மாட்டிக்கொண்டு வாரத்துக்கு ஒருமுறை பழமும் காய்கறியும் ஊட்டத் தொடங்கினார். அலகு திரும்பக் கூர்மையானது. மருந்து ஒன்றுமில்லை, சாப்பாடுதான். எல்லாம் அப்படி முடிவதில்லை. கொல்கத்தா அலிப்பூர் உயிரியல் பூங்காவில் கிளைவ் பிரபு வளர்த்தது என்று சொல்லப்பட்ட அத்வைதா, ஓட்டில் விரிசல் விட்டு, அதற்கடியில் புண்ணாகி, 2006 மார்ச்சில் ஈரல் கெட்டு இறந்தது.

எங்கள் வைத்தியம் மொட்டை மாடியில் நடந்தது. அகலமான சிமெண்டுத் தொட்டி, பாதிக்குத் தண்ணீர், ஏறி உட்காரச் சாய்வாக ஒரு கருங்கல், ஒரு மூலையில் நிழலுக்குப் பனையோலை. நிழல் கட்டாயம் வேண்டும், சூடு தாங்காவிட்டால் விலகிப் போக இடம் இல்லையென்றால் வெயிலும் கொல்லும். வேகவைத்த பரங்கிக்காயும் முருங்கைக் கீரையும் மண்புழுவும். பாலக் கீரை வேண்டாம் என்றார் டாக்டர், அதிலுள்ள ஒரு அமிலம் சுண்ணாம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். கண்ணுக்கு அவர் எழுதிக்கொடுத்த சொட்டு. தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும், சால்மோனெல்லா கிருமி ஒட்டும். அதனாலேயே அமெரிக்காவில் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்க 1975-இல் தடை போட்டார்கள். நமக்கு வருவதெல்லாம் அந்தச் சின்ன அளவுதான்.

இதில் கஷ்டமான பகுதி தொடாமல் இருப்பது. சும்மா சும்மா தூக்கிப் பார்க்கத் தோன்றும். கண் திறந்ததா, ஓடு இறுகியதா, உயிர் இருக்கிறதா. தூக்குகிற ஒவ்வொரு முறையும் அதற்கு ஒரு பருந்து வந்து கவ்வுகிற பயம்தான். நம் மனசு ஆறத்தான் அதைத் தூக்குகிறோம். “பாத்துட்டே இருங்க, ஆனா சும்மா விடுங்க” என்றார் டாக்டர். வாரம் ஒருமுறை எடை, அதுவும் ஒரே கிழமையில்.

“ஆத்துல விட்டுடுங்களேன், புண்ணியமாப் போகும்” என்று சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. ஒகேனக்கல் பக்கத்தில் இருக்கிறதே. நோயாளியைக் கண்ணுக்கு மறைவாக அனுப்புவதற்குப் புண்ணியம் என்று பெயர் வைத்தால் மனசு லேசாகிவிடும் போல. இந்தப் பக்கத்துக் காவிரியில் லெய்த் மென்னோட்டு ஆமை இருக்கிறது, அருகிக்கொண்டே வரும் இனம். அதையும் நீர்நாய்களையும் காக்கத்தான் 2022 நவம்பரில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயத்தை அறிவித்தார்கள். உலகிலேயே மிக மோசமான நூறு அந்நிய ஊடுருவல் உயிர்களின் பட்டியலில் இடம்பெற்றது இந்தச் சிவப்புக் கோட்டு ஆமை. அதை நோயோடு அந்த ஆற்றில் இறக்குவதில் என்ன புண்ணியம்?

நம் நாட்டு ஆமை என்றால் கதை வேறு. நட்சத்திர ஆமையோ, வயல் குட்டையில் கிடைக்கும் பால் ஆமையோ, வீட்டில் வைத்திருப்பதே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2022 திருத்தத்தில் நட்சத்திர ஆமையை முதல் அட்டவணைக்கே ஏற்றிவிட்டார்கள். அதற்குப் பயந்து, வைத்திருப்பவர்கள் நோய் வந்தாலும் டாக்டரிடம் கொண்டுபோவதில்லை. சட்டம் வேண்டியதுதான். ஆனால் கட்டிலுக்கு அடியில் ஒரு ஆமை சாவதால் சட்டத்துக்கு ஒரு லாபமும் இல்லை. வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுவது இரண்டு பேருக்கும் நல்லது.

எங்கள் ஆமைக்கு மாசி பிறந்தபோது வலது கண் திறந்தது. இடது கண் இன்னும் பாதிதான். ஓடு இறுகியிருக்கிறது, ஆனால் அமுங்கிய இடத்தில் நெளிவு அப்படியே நின்றுவிட்டது, அது மாறாதாம். கடைசி எடை 134 கிராம். புளிக்கடைக்காரர் இப்போது நான் சொல்லும் முன்பே காகிதம் விரிக்கிறார், பழமொழியை மட்டும் விடவில்லை.

இங்கிலாந்தில் கில்பர்ட் வைட் என்ற பாதிரியார், இயற்கையைப் பற்றி எழுதியவர், 1780-இல் அத்தை இறந்தபின் அவருடைய ஆமையைத் தன் ஊருக்கு எடுத்து வந்தார். டிமோதி என்ற ஆண் பெயரிலேயே அதைப் பல வருடம் கவனித்து எழுதினார். அது பெண் என்பது ஆமை செத்தபின் ஓட்டைப் பார்த்துத்தான் தெரிந்தது. அவர் 1793-இல் போனார், ஆமை அடுத்த வருடம். அத்தையிடமிருந்து மருமகனுக்கு வந்த சொத்து அது. எங்கள் வீட்டில் மருமகனிடமிருந்து மாமனுக்கு வந்திருக்கிறது. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இந்த இனம் முப்பது வருடம்கூட இருக்கும். எனக்கு அறுபது தாண்டிவிட்டது. மகளிடம் சாடையாகக் கேட்டுப் பார்த்தேன். நகை, நிலம் பேச்செல்லாம் வரும்போது ஒன்றும் பேசாதவள், “அதுக்கு எத்தனை மணிக்கு வெயில் வேணும், எத்தனை நாளுக்கு ஒருக்கா தண்ணி மாத்தணும், எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி வைங்கப்பா, பாக்கலாம்” என்றாள்.