நாற்பது நாள் கணக்கு

பிள்ளை பெற்றவளுக்கு இருபதாம் நாளே உதிரம் நின்றுவிடுகிறது. ஆனாலும், "நாற்பது கழியட்டும்" என்று வீட்டுப் பெரியவர்கள் அவளைத் தொழவிடுவதில்லை. தாய்மார்களே! இப்படி மார்க்கம் சொல்லவில்லை.

நாயகம் (ஸல்) அவர்கள் காலத்துப் பெண்கள் நாற்பது நாள் இருந்ததாக உம்மு ஸலமா (ரலி) அறிவிப்பது உண்மையே. ஆனால் அதற்கு முன்பே சுத்தமானவள் குளித்துத் தொழவேண்டும் என்பதில் அறிஞர்கள் ஒருமித்திருப்பதாக இமாம் திர்மிதீ எழுதுகிறார்கள். நிபாஸின் உச்ச எல்லை ஹனஃபி மத்ஹபில் 40 நாள். ஷாஃபிஈ மத்ஹபில் 60 நாள். அதற்குள் என்று நின்றாலும் அந்த வக்து முதல் தொழுகை கடமையாகிவிடும். தண்ணீர் உடம்புக்கு ஆகாதென்று மருத்துவர் சொன்னால் தயம்மும் இருக்கிறது. நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்து தொழலாம். இரண்டொரு நாளில் மறுபடி உதிரம் கண்டால் நிறுத்திக்கொள்வாள். இடையில் தொழுததில் குற்றமில்லை. நிபாஸில் விடுபட்ட தொழுகைக்குக் களா இல்லை, நோன்புக்கு உண்டு.

உதிரம் கட்டிகட்டியாகப் பட்டாலோ, ஒரு மணி நேரத்தில் துணி முழுதும் நனைந்தாலோ நாள் எண்ணிக்கொண்டிராதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

இன்னொன்று. தொழ ஆரம்பித்துவிட்டாளே என்று அவளைத் தண்ணீர்க் குடம் தூக்க அனுப்பும் மாமிமார்களும் உண்டு! கருப்பை பழைய அளவுக்குச் சுருங்க ஏறக்குறைய 6 வாரம் பிடிக்கும். அந்த நாற்பதை அவளுடைய ஓய்வுக்குக் கொடுங்கள்.