மாக்கோழியும் அட்டைப் பூதமும்

பொழுது சாயுமுன் உணவை முடித்துக்கொள்ளும் நம் இல்லங்களில் மாலைப்பொழுது நீண்டது. கடந்த கோடை விடுமுறையில் அத்தகைய ஒரு மாலையில், பன்னிரண்டு வயதுப் பேரன் கறுப்புப் பெட்டி ஒன்றைக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தான். ‘கிங் ஆஃப் டோக்கியோ’ என்னும் பகடை விளையாட்டின் ‘டார்க் எடிஷன்’. சேகரிப்போருக்கென 2020ஆம் ஆண்டில் வெளிவந்த சிறப்புப் பதிப்பு. அவனுடைய தாய்மாமன் அளித்த பரிசு. பெட்டியைத் திறந்ததும் என் நாத்தனார், “ஒருவரையொருவர் அடித்துக் கொல்வதுதானே இதில் ஆட்டம்? சிராவகர் வீட்டில் இது ஆகுமா?” என்று என்னைக் கேட்டார். உடனே விடை கூற இயலவில்லை.

அமெரிக்கரான ரிச்சர்ட் கார்ஃபீல்டு, கணிதத்தில் ஆய்வுப் பட்டம் பெற்றவர். அவர் அமைத்த இவ்விளையாட்டை இயெல்லோ என்னும் பிரெஞ்சு நிறுவனம் 2011இல் வெளியிட்டது. ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு பூதம். பல்லி, குரங்கு, பூனை முதலியவற்றைப் பேருருவாக வரைந்து அட்டையில் வெட்டி நிறுத்தியிருக்கிறார்கள். பகடைகள் ஆறு. அவற்றின் முகங்களில் 1, 2, 3 என்னும் எண்களும் நகம், இதயம், மின்னல் என்னும் குறிகளும் உள்ளன. தன் முறை வரும்போது ஒருவர் மூன்று தடவை வரை உருட்டலாம். நகம் விழுந்தால் பிறர்க்கு அடி. இதயம் விழுந்தால் தன் காயம் ஆறும். மின்னலைச் சேர்த்துச் சிறப்பாற்றல் வாங்கலாம். ஒவ்வொரு பூதத்துக்கும் தொடக்கத்தில் 10 உயிர்ப்புள்ளிகள். 20 வெற்றிப்புள்ளிகளை எட்டியவரோ, மற்றவர் மடிந்தபின் எஞ்சியவரோ வென்றவராவார். டோக்கியோவினுள் நிற்கும் பூதம் வெளியில் உள்ள அனைவரையும் ஒருங்கே தாக்கும். ஆயினும் அங்கு நிற்கும் வரையில், இதயம் எத்தனை விழுந்தாலும் அதன் காயம் ஆறாது. இவ்விதியை வகுத்தவர் உலகியலை நன்கறிந்தவர் என்றே எண்ணுகிறேன்.

சிறப்புப் பதிப்பில் புதிதாகக் ‘கொடுமை’ அளவுகோல் ஒன்றும் உண்டு. ஒன்றோ இரண்டோ மூன்று பகடைகளில் ஒருங்கே விழுந்தால் கொடுமைப்புள்ளி ஏறும். குறித்த படியை எட்டினால் நிலையான ஓர் ஆற்றல் கிடைக்கும். நம் வினைக்கொள்கையைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தது போன்ற ஏற்பாடு! இதைப் பேரனிடம் சொன்னேன். “அதனால்தான் பாட்டி, இது பூதங்களின் விளையாட்டு” என்றான்.

பகடை என்றதும் ஏழு வியசனங்களுள் ஒன்றாகிய சூது நினைவுக்கு வரும். இங்குப் பணயம் இல்லை. ஆகவே அதை விட்டுவிடலாம். என்னை உறுத்தியது வேறு. 1945 மார்ச்சில் ஒரே இரவுக் குண்டுவீச்சில் ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள் மாண்ட நகரம் டோக்கியோ. ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், ஹைட்ரஜன் குண்டுச் சோதனையால் கிளம்பிய பூதம் அந்நகரை மிதித்தழிப்பதாக ‘காட்ஜில்லா’ படத்தை எடுத்தவர்கள் ஜப்பானியரே. துயரத்திலிருந்து பிறந்த கதை அது. இந்தப் பலகையிலோ நகரம் இருக்கிறது, நகரத்தார் இல்லை.

நாத்தனார் மனத்தில் இருந்தது மாக்கோழி. யசோதர காவியக் கதையை நம் வீட்டுக் குழந்தைகளும் அறிவர். தீய கனவின் பயனை நீக்கக் கோழியைப் பலியிட வேண்டும் என்றாள் தாய் சந்திரமதி. உயிர்க்கொலைக்கு அஞ்சிய மன்னன் யசோதரன் மாவினால் கோழி செய்து வெட்டினான். உயிரற்ற மாவை வெட்டியதற்காகத் தாயும் மகனும் நாயாகவும் மயிலாகவும், மேலும் பல விலங்குகளாகவும் பிறந்து உழன்றனர். மாவை வெட்டியதே இம்சையானால், அட்டையை அடிப்பது மட்டும் எப்படி நீங்கும்?

ஆனால் மன்னன் அதை மாவென்று எண்ணி வெட்டவில்லை. கோழி என்று சங்கற்பித்து, ஓர் உயிரைக் கொடுத்து நன்மை பெறும் நோக்கத்தோடு வெட்டினான். வாள் மாவில் விழுந்தது. கொலை மனத்தில் நிகழ்ந்தது. பாவ இம்சை என்று ஆன்றோர் பிரித்துக் காட்டியது அதையே. மனநிலையைக் குறிக்கும் பாவமும் தீவினையைக் குறிக்கும் பாவமும் தமிழில் ஒரே எழுத்துகளாக நிற்பதை, மாணவர் ஏடுகளைத் திருத்திய காலமெல்லாம் ஒரு குறையாகவே கருதி வந்தேன்.

ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித் தந்தது ஒன்றுண்டு: விளையாடும் குழந்தையின் கையைப் பாராதே, முகத்தைப் பார். எனவே தடை சொல்லாமல், பல்லியை எடுத்துக்கொண்டு நானும் ஆடினேன். பேரனின் குரங்கு டோக்கியோவில் நின்றது. அதற்கு 2 உயிர்ப்புள்ளிகளே எஞ்சியிருந்தன. முதல் உருட்டலில் எனக்கு ஒரு நகம், அடுத்ததில் இன்னொன்று, கடைசியில் மூன்றாவதும் விழுந்தது. “தொலைந்தாய்!” என்று கூவினேன். கூவியவள் நான்தான். அவனோ சிரித்துக்கொண்டே அட்டைச் சக்கரத்தைச் சுழியத்துக்குத் திருப்பி, “அடுத்த ஆட்டம் போடலாமா?” என்றான். அவன் முகத்தில் கோபமோ பகையோ இல்லை. என் முகத்தைக் காணக் கண்ணாடி இல்லாதது நல்லதாயிற்று.

மறுநாள் அவனுடைய அத்தை மகள், ஏழு வயதுச் சிறுமி, நீர் வழியும் செம்பை அப்பெட்டியின் மேல் வைத்துவிட்டாள். மூடியில் வட்டமாகக் கறை படிந்தது. அன்றுதான் பேரனின் முகம் மாறக் கண்டேன். “இது கலெக்டர்ஸ் எடிஷன்! இனி இதற்கு மதிப்பே இல்லை!” என்று கத்தி அவள் கையைத் தட்டிவிட்டான். அடி அட்டையில் விழவில்லை. குழந்தை அழுதாள். முதல்நாள் சிராவக நெறியைப் பேசிய நாத்தனார், “விலையுயர்ந்த பொருளின் மேல் ஈரத்தை வைக்கலாமா?” என்று அவளையே கடிந்துகொண்டார். அவ்வேளையில் நானும் வாய் திறக்கவில்லை. அதை இங்கு மறைப்பதற்கில்லை.

பரிக்கிரகம் என்பது பொருளின் அளவு மட்டுமன்று, அதன்மேல் கொள்ளும் மூர்ச்சையே என்று நம் நூல்கள் கூறுவதைப் பலமுறை படித்திருக்கிறேன். அதே விளையாட்டின் சாதாரணப் பதிப்பில் அதே பகடைகள், அதே நகங்கள். அதன் மூடியில் கறை பட்டிருந்தால் துணியால் துடைத்துவிட்டு ஆடியிருப்பான். ‘சேகரிப்போருக்கு’ என்னும் சொல்தான் விளையாட்டுப் பொருளைக் காவற்பொருளாக மாற்றிற்று. பூதங்கள் அடித்துக்கொண்டபோது எழாத குரோதம், ஒரு நீர்க்கறையால் எழுந்தது. பெட்டிக்குள் இம்சையைத் தேடிக்கொண்டிருந்த நாங்கள் மூடியைப் பார்க்கவில்லை. பிள்ளைகளுக்குப் பரிசு வாங்கும் மாமன்மாரும் அத்தைமாரும் பூதத்தின் பல்லைப் பார்த்துத் தயங்குகிறார்கள். ‘அரிய பதிப்பு’ என்ற சொல்லைக் கண்டு தயங்குவதில்லை.

பேரன் அப்பெட்டியைப் பாலித்தீன் உறையில் சுற்றி, என் அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு ஊருக்குச் சென்றான். அதன்பின் அது திறக்கப்படவில்லை. அடுத்த விடுமுறைக்கு அவன் வருமுன் உறையைப் பிரித்துக் கூடத்தில் வைக்கலாமா என்று தொலைபேசியில் கேட்டேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “அவளும் ஆடட்டும் பாட்டி. ஆனால் செம்பை மட்டும் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்” என்றான். சிறுமியிடம் சொன்னேன். அவள் பூனையைக் கேட்டிருக்கிறாள். நான் மறுபடியும் பல்லி. மூன்று நகங்கள் விழும்போது என்ன கூவுவேன் என்பதை இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை.