துடிக்கும் நெஞ்சும் பிரிந்த உயிரும்

சிங்கப்பூரில் 1987இல் இயற்றப்பட்ட மனித உறுப்பு மாற்றுச் சட்டம் தொடக்கத்தில் விபத்தில் இறந்தோரின் சிறுநீரகங்களை மட்டுமே உள்ளடக்கியது. 2004இல் இதயமும் கல்லீரலும் கருவிழிப்படலமும் அதன் வரம்புக்குள் வந்தன, 2008இல் முஸ்லிம்களும் சேர்க்கப்பட்டனர். ஆங் மோ கியோ குடியிருப்பு வட்டாரத்தின் ஒரே புளோக்கில் அடுத்தடுத்து வாழும் சீன, மலாய், தமிழ்க் குடும்பங்களில் மறுப்பைப் பதிவு செய்யாத வயதுவந்தோர் பொதுவாக இச்சட்டப்படி இணங்கியவர்களாகவே கொள்ளப்படுகின்றனர். குருதியோட்டமும் மூச்சும் மீளாமல் நிற்பதை மட்டுமன்றி, மூளையின் எல்லாச் செயல்களும் மீளாமல் அழிவதையும் சட்டம் மரணமென ஏற்கிறது.

அவ்வாறு மூளை அழிந்து இறந்தவரென அறிவிக்கப்பட்டவரின் மார்பு வெதுவெதுப்பாகவே இருக்கும், நாடியும் துடிக்கும் என்பதால் உறவினர் கலங்குவதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. இதயத்தின் வலது மேலறைச் சுவரிலுள்ள சைனஸ் முடிச்சு என்னும் சிறு திசுத்திரள் தானே மின்தூண்டலை எழுப்புகிறது. மூளையிலிருந்து வரும் நரம்புகள் அதன் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் மட்டுமே செய்கின்றன. மூச்சு அப்படியன்று, அது மூளைத்தண்டின் ஏவலால் நடப்பது, அத்தண்டு அழிந்தால் நிற்பது. வென்டிலேட்டர் என்னும் செயற்கைச் சுவாசக் கருவி காற்றை உட்செலுத்தும்வரை, நுரையீரலில் பிராணவாயு ஏற்ற குருதி இடது கீழறையிலிருந்து உடலெங்கும் சென்று இதயத் தசையையும் ஊட்டுவதால், துடிப்பு சில காலம் தொடர்கிறது.

இத்தகைய நெஞ்சில் உயிர் உண்டா என்ற வினாவுக்குச் சைவ சித்தாந்தம் தரும் விடை எளிதானதன்று. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மெய்கண்டாரின் சிவஞானபோதம் என்னும் நூல், உறக்கத்தில் மூச்சு ஓடினாலும் நுகர்ச்சியும் செயலும் இல்லாமையால் மூச்சுக்காற்று உயிராகாது என வாதிடுகிறது. மூச்சுக்குச் சொன்னது துடிப்புக்கும் பொருந்தும் என்று இதைக்கொண்டே வழக்கை முடித்துவிடலாம்போலத் தோன்றும். ஆனால் அதே மரபு, உயிர் நனவில் நெற்றியிலும் கனவில் கழுத்திலும் ஆழ்ந்த உறக்கத்தில் இதயத்திலும் நின்று, அதற்கும் அப்பாலான துரியத்தில் நாபிக்கும், அதையும் கடந்த துரியாதீதத்தில் முதுகந்தண்டின் அடியிலுள்ள மூலாதாரத்துக்கும் இறங்குவதாகக் கூறுகிறது. இவை அவத்தைகள், அதாவது உயிரின் நிலைகள், எனப்படும். துரியாதீதத்தில் மூச்சின் துணையுமின்றி உயிர் தனித்திருக்கும் என்பதால், அறிவு விளங்காமையோ மூச்சு நின்றமையோ உயிர் நீங்கியதற்குத் தனிச்சான்று ஆகாது.

எனினும் இறங்கிய உயிர் மீண்டும் ஏறி நனவுக்கு வருவதே அவத்தைகளின் இயல்பு. அந்த ஏற்றத்துக்கு வழியே இல்லாது போன உடலை உறங்குபவரின் உடலோடு ஒப்பிடுவது பிழை. மீளாமையைச் சட்டம் வற்புறுத்தியதும் இதனோடு முரண்படவில்லை. உறுப்பிழந்தவர் அடுத்த பிறவியில் குறையுடன் பிறப்பார் என்ற பாமர அச்சத்துக்கோ சித்தாந்தத்தில் இடமே இல்லை, ஏனெனில் வினையைச் சுமந்து செல்வது புலன்களுக்கு எட்டாத சூக்கும உடலேயன்றி அறுத்தெடுக்கத்தக்க தூல உடலன்று.

எஞ்சுவது வேறொரு சிக்கல். தானம் அறமாவது கொடுப்பவர் மனமுவந்து கொடுப்பதால். மறுக்காதிருந்ததையே இசைவாகக் கொள்ளும் சட்டம் பல உயிர்களைக் காக்கலாம், ஆனால் அவ்வாறு பெறப்பட்ட இதயத்தைத் தானம் என்று அழைப்பது சற்று மிகை.