தெருவில் நீதி

டெங்கிலிலிருந்து கோலாலம்பூர் நோக்கிச் செல்லும் காலை நெரிசலில், நாற்பது பேரைச் சுமந்த பேருந்தும் ஒருவரே அமர்ந்த மகிழுந்தும் ஒரே வரிசையில் காத்து நிற்கின்றன. இது சமத்துவம்தானே என்பர் சிலர். அன்று, இங்கே வண்டிகள் சமம், மனிதர் சமமல்லர். ஒருவருக்காக அடைபட்ட இடத்தால் நாற்பதின்மரின் பொழுது கழிகின்றது.

சன்வேயில் 2015-ஆம் ஆண்டு 5.4 கிலோமீட்டர் தனித்தடம் பேருந்துக்குக் கிடைத்தது, ஆனால் தூண்களின்மேல். தரையைப் பங்கிடும் வழக்கு அங்கு எழவில்லை. பொகோட்டா நகரமோ 2000-இல் பெருஞ்சாலைகளின் நடுத்தடத்தையே பேருந்துக்கு ஒதுக்கியது.

"வரி செலுத்தினோமே" என்று மகிழுந்தினர் கேட்கலாம். பேருந்தில் நிற்பவரும் வரி செலுத்தியவரே. மகிழுந்தில் பள்ளிக்குச் செல்லும் ஆசிரியர்களாகிய நம்மையும் இவ்வினா சுடத்தான் செய்யும். ஒரு தடத்தை விட்டுக்கொடுத்தல் ஈகையன்று. பிறர் பங்கைத் திருப்பியளித்தலே ஆகும்.