முதலில் தேத்தண்ணி

வீட்டிலேயே காக்டெயில் கலக்கப் பழகுங்கள் என்று சொல்பவர்கள், கேட்பவருக்கு ஒரு வீடு இருக்கிறது என்று முடிவு செய்துகொண்டுதான் பேசுகிறார்கள். போத்தல் அடுக்க ஓர் அலுமாரி, ஐஸுக்குக் குளிர்சாதனப் பெட்டி, கூட்டாளிகள் உட்காரத் தனி அறை. நுவரெலியாவில் 1876இல் தொடங்கிய ஹில் கிளப்பிலும் தோட்டத்து துரை பங்களாக்களிலும் இந்த வசதிக்குக் குறைவில்லை. அதே மலைச்சரிவில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயக் காம்பராவின் அளவு 10க்கு 12 அடி. அடுப்பு, பிள்ளையின் புத்தகப் பை, பாட்டியின் பாய் எல்லாம் அதற்குள்ளேதான். பக்கத்துக் காம்பராவில் இருமினால் இங்கே கேட்கும். அங்கே ஒருவர் குடித்தால், குடிக்காத நான்கு பேரும் அந்த வாடைக்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். பங்களாவில் பொழுதுபோக்காக இருப்பது லயத்தில் மற்றவர்கள் மேல் சுமத்தப்படும் பாரமாகிவிடுகிறது. அதனால் மலையகத்தில் கலவைப் பானம் பழக விரும்புகிறவர் சாராயத்தை விட்டுவிட்டுத் தேயிலையில் தொடங்க வேண்டும் என்கிறேன். ஒரே அறையில் கலக்கும் பானம் அந்த அறையில் உள்ள எல்லோரும் குடிக்கக் கூடியதாக இருக்கவேண்டும்.

இது குடிக்கு மாற்றாக ஏதோ ஒன்றைத் தலையில் கட்டும் பேச்சு இல்லை. காக்டெயிலின் மூதாதையான பஞ்ச் 17ஆம் நூற்றாண்டில் இந்தியக் கடலோரங்களில் ஆங்கிலக் கப்பற்காரர் பழகிய பானம். சாராயம், புளிப்பு, இனிப்பு, தண்ணீர், வாசனைச் சரக்கு சேர்ந்தது. பின்னாளில் தண்ணீருக்குப் பதிலாகத் தேநீரே பல பஞ்ச்களில் சேர்ந்தது. இந்தச் சேர்க்கையில் மதுவின் வேலை என்ன? போதையைத் தள்ளிவைத்துப் பார்த்தால், நாக்கைத் தடுத்து நிறுத்துவது. மடமடவென்று விழுங்க விடாத ஒரு காரம், ஒரு கசப்பு. பழச்சாறு அந்த வேலையைச் செய்யாது. அதனால்தான் மதுவில்லாக் கலவைகள் பலவும் கலியாண வீட்டுச் சர்பத்தாக முடிகின்றன. தேயிலையின் துவர்ப்பு அதைச் செய்யும். சுடச்சுட ஊற்றிய சாயத்தை ஆறவைத்துக் குளிரூட்டினால் கலங்கிச் சேறு போலாகும்; கஃபீனும் துவர்ப்புச் சத்தும் ஒன்றோடொன்று பிணைவதால் வருவது அது. தூளைத் துணியில் கட்டிப் பச்சைத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிட்டால் சாயம் அவ்வளவாகக் கலங்காது. அதில் தேசிக்காய்ச் சாறு விழுந்ததும் கருஞ்சிவப்பு வெளிறித் தேன் நிறமாகும். சாறு ஒரு பங்கு, கித்துள் பாணி ஒரு பங்கு, சாயம் ஐந்து பங்கு என்று தொடங்கி, இஞ்சியோ கொடித்தோடையோ சேர்த்து நாக்குக்குத் தக்கபடி திருத்திக்கொள்ளலாம். ஐஸ் இல்லையென்றால் குறையொன்றும் இல்லை. நுவரெலியாக் குளிரில் ஐஸ் கேட்பவர் பெரும்பாலும் கீழ்நாட்டு விருந்தாளிதான்.

நல்ல தேயிலை எல்லாம் கப்பலேறிவிடுகிறது, எங்கள் கோப்பைக்கு வருவது டஸ்ட் என்னும் பொடித்தூள்தானே என்று கேட்கலாம். அந்தக் குறை நியாயமானது; 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கிவைத்த பயிரின் கணக்கில் அது இன்னும் தீராத பாக்கி. ஆனால் கலவைக்கு டஸ்ட்தான் பொருத்தம். பாணியும் புளிப்பும் சேர்ந்தால் நுவரெலியாத் தேயிலையின் மெல்லிய மணம் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். டஸ்டின் கடுஞ்சாயம் நின்று பிடிக்கும்.

தவறணைக்குப் போகிறவன் இதைக் குடித்துவிட்டுத் திருந்திவிடுவானா என்பது அடுத்த கேள்வி. திருந்தமாட்டான். குடிக்கு அடிமையானவருக்கு வேண்டியது வைத்தியமும் துணையும். அந்த வேலையை ஒரு பானத்தின் மேல் ஏற்றுவது ஏமாற்று. 19ஆம் நூற்றாண்டில் சாராயக் குத்தகையை ஏலம் விட்டுக் காசு பார்த்த ஆட்சி தொடங்கி, குடியின் வரும்படியை நம்பிய அரசுகள் ஏற்படுத்திய கேட்டைத் தேத்தண்ணியால் கழுவ முடியாது. நான் பேசுவது இனிமேல் தொடங்கப்போகும் இளைஞரைப் பற்றி. சாராயத்தை வீட்டில் அளவாகக் கலந்து குடித்தால் கள்ளத்தனமாகக் காய்ச்சும் கசிப்பைவிட மேல் என்பார்கள். கசிப்பைவிட மேல் என்பது ஒரு தகுதியா? 33.5 சதவீதச் சாராயத்தில் கால் போத்தல், அதாவது 180 மில்லிலீற்றர் எடுத்தால், அதில் தனி மதுசாரம் 60 மில்லிலீற்றர், ஏறக்குறைய 47 கிராம். 10 கிராமை ஓர் அளவாகக் கொண்டால் கிட்டத்தட்ட ஐந்து அளவு. பழச்சாறும் பாணியும் அந்தக் காரத்தை மறைத்துவிடுவதால் கை எத்தனை முறை ஊற்றியது என்பதை நாக்கு எச்சரிக்காது. மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என உலக சுகாதார அமைப்பு 2023 ஜனவரியில் சொல்லியும் விட்டது.

ஹோட்டல் வேலைக்குக் கொழும்புக்கும் வளைகுடாவுக்கும் போகும் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கலவைப் பானம் பழகுவது தொழிலும்கூட. அளவு, புளிப்புக்கும் இனிப்புக்கும் உள்ள நிதானம், குலுக்கும் நேரம், எல்லாவற்றையும் சாயத்தை வைத்தே பழகலாம். தவறினால் போவது ஒரு கரண்டித் தூள். வருகிற தீபாவளிக்கு வீட்டில் ஏதாவது கலக்க நினைப்பவர்கள் சாராயப் போத்தல் வாங்கும் காசில் தேசிக்காயும் கித்துள் பாணியும் வாங்குங்கள். முதல் கோப்பையைக் கொழுந்து பறித்துவிட்டு வந்தவரிடம் நீட்டுங்கள்.