லேபிளும் சத்திய விரதமும்

வாயால் பொய் சொல்லாமலிருப்பதனாலேயே ஒருவன் சத்தியவான் ஆகிவிடுகிறானா, அல்லது தான் அறிந்ததை அறிந்தவாறே பிறனிடம் சேர்ப்பிக்கும் கடமையும் சத்தியத்தில் அடங்கியதா என்பது நம் தேசத்துச் சாஸ்திரங்கள் நெடுங்காலமாக விசாரித்து வந்த விஷயம். வீட்டிலேயே சோப்புச் செய்வோர் பெருகி, அவர்களுக்கு வேண்டிய எண்ணெய், வாசனை, வண்ணம், உருக்கி வார்க்கும் சோப்பு பேஸ் முதலியவற்றை ‘இயற்கை’ என்ற பெயரால் விற்போரும் பெருகியுள்ள இக்காலத்தில், அந்தப் பழைய விசாரணை அப்பொருள்களின்மேல் ஒட்டப்படும் சிறு லேபிளின்மீது வந்து நிற்கிறது. அற்பமான இடம் என்று இதனைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. எதிரே நின்று பேசுகிறவனை மடக்கி மறுகேள்வி கேட்கலாம். லேபிளைப் படிப்பவனோ, எழுதினவனைக் காணாமல், கேள்வி கேட்கவும் வழியில்லாமல், அந்த நான்கு வரிகளை மட்டுமே நம்பித் தன் குழந்தையின் உடம்பில் சோப்பைத் தேய்க்கிறான். பேச்சில் பொறுத்துக்கொள்ளக்கூடிய மௌனமும் அங்கே பேச்சின் பாரத்தைப் பெற்றுவிடுகிறது.

யோக சூத்திரத்திற்கு வியாசர் பெயரால் வழங்கும் பாஷ்யம், சத்தியம் என்ற யமத்தை விளக்குமிடத்தில், தன் உள்ளத்திலுள்ள ஞானத்தை மற்றொருவர் உள்ளத்திற்கு மாற்றுவதற்காகவே சொல் பிறக்கிறது என்று தொடங்கி, அச்சொல் வஞ்சிப்பதாகவோ, பிழைபட்டதாகவோ, கேட்பவருக்கு அறிவு எதனையும் பயக்காத மலடாகவோ இருத்தலாகாது என்றும், அது உயிர்களுக்கு உபகாரமாக வேண்டுமேயன்றித் தீங்காகக் கூடாது என்றும் கூறுகிறது. அப்பாஷ்யத்திற்கு உரை கண்ட வாசஸ்பதி மிச்ரர், வஞ்சனைச் சொல்லுக்கு, அசுவத்தாமனைப்பற்றித் துரோணர் கேட்டபோது தருமபுத்திரர் அளித்த விடையையே உதாரணமாகக் காட்டுகிறார். மலட்டுச் சொல்லுக்கு, கேட்பவருக்கு விளங்காத அந்நிய பாஷையில் பேசுவதைக் காட்டுகிறார். அந்தத் தவசிகள் வியாபாரத்தை நினைத்து எழுதியவர்கள் அல்லர். ஆயினும் லேபிள் எழுதுகிறவனுக்கு இதனினும் பொருத்தமான இலக்கணத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

சோப்பின் பிறப்பையே எடுத்துக்கொள்வோம். எண்ணெயும் காரமும் கூடாமல் சோப்பு இல்லை. ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாறுவதற்குச் சுமார் 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். கட்டியில் சிறிது எண்ணெய் மிஞ்சட்டும் என்று கருதுவோர் அதில் நூற்றுக்கு ஐந்து பங்குபோலக் குறைத்துக்கொள்வர். கணக்குத் தவறாமல் செய்து பதப்படுத்திய கட்டியில் காஸ்டிக் சோடா காஸ்டிக் சோடாவாக மிஞ்சுவதில்லை. அது எண்ணெயோடு கூடிச் சோப்பாகவும் கிளிசரினாகவும் மாறிவிடுகிறது. இதனைக் காரணமாகக் காட்டிப் பலர் காரத்தின் பெயரையே எழுதாமல், தேங்காய் எண்ணெய், கற்றாழை, சந்தனம் என்று இனிய பெயர்களை மட்டும் வரிசைப்படுத்தி, ‘கெமிக்கல் இல்லாதது’ என்றும் முடித்துவிடுகிறார்கள்.

பால் தயிராகும்போது, தயிர் முன்பே பாலில் சூட்சுமமாக இருந்தது என்பர் சாங்கியர். முன்பு இல்லாத புதிய பொருளொன்று தோன்றிற்று என்பர் நியாய வைசேஷிகர். இவ்விரு கட்சிகளில் எதனைக் கொண்டாலும் அந்த லேபிளுக்கு இடமில்லை என்பதே என் துணிபு. காரணப் பொருள்கள் காரியத்தில் நிலைத்திருக்கின்றன என்றால் எண்ணெயைப்போலவே காரமும் நிலைத்திருக்கிறது. அவை மறைந்து வேறொன்று பிறந்தது என்றால், காரத்தோடு எண்ணெயும் மறைந்தே போயிற்று. எண்ணெய்க்கு ஒரு சித்தாந்தம், காரத்துக்கு வேறொரு சித்தாந்தம் என்று எந்தத் தத்துவவாதியும் பேசியதில்லை. இட்டவற்றை எழுதுவதானால் தேங்காய் எண்ணெய், காஸ்டிக் சோடா, நீர் என்று எழுதுக. விளைந்தவற்றை எழுதுவதானால் சோடியம் கோகோயேட், கிளிசரின், நீர் என்று எழுதுக. இரண்டும் நேர்மையே. பேஸ் வாங்கி உருக்கி வார்ப்பவர், நான் காரத்தைத் தொடவேயில்லை என்று சொல்வது அவர் கையைப் பொறுத்தமட்டில் உண்மை. அந்தப் பேஸைச் செய்தவர் அவருக்கு முன்பே அதனைத் தொட்டிருக்கிறார். சோப்பைப் பொறுத்தமட்டில் அது உண்மையன்று.

இதனினும் கடியதொரு சம்பவம் உண்டு. கிரேப்புரூட் என்னும் நாரத்தை இனத்துப் பழத்தின் விதைச்சாறு, கிருமிகளைத் தடுக்கும் இயற்கைப் பாதுகாப்புப் பொருள் என்று மேனாடுகளில் பெரிதும் விற்கப்பட்டது. ஜெர்மனியில் கிரைப்ஸ்வால்ட் நகரத்து ஆய்வாளர்கள், கடைகளில் கிடைத்த ஆறு வகைச் சாறுகளைச் சோதித்து, 1999-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். கிருமியைத் தடுத்தவை ஐந்து. அந்த ஐந்திலும் பென்ஸெதோனியம் குளோரைடு என்ற செயற்கைக் கிருமிநாசினி இருந்தது. அவற்றுள் மூன்றில் டிரைக்ளோசானும் மெத்தில்பாரபெனும்கூட இருந்தன. செயற்கைப் பொருள் எதுவும் கலவாத ஆறாவது சாற்றுக்குக் கிருமியைத் தடுக்கும் சக்தி சிறிதும் இல்லை. ஒருவன் தீமையென்று அஞ்சி விலக்கிய வஸ்துவை, அவன் விரும்பித் தேடிய வஸ்துவின் பெயராலேயே அவன் கையில் கொடுத்தாயிற்று.

நீர் கலந்த களிம்புகளுக்குப் பாதுகாப்புப் பொருள் இன்றியமையாதது. அது இல்லையேல் பூஞ்சையும் பாக்டீரியாவும் குடியேறிவிடும். அதைச் சேர்ப்பது குற்றமன்று. பெயரை மாற்றிச் சேர்ப்பதே குற்றம். அந்தச் சாற்றை வாங்கித் தம் சரக்கில் கலந்து, மனப்பூர்வமாக ‘இயற்கை’ என்று எழுதிய எளிய கைத்தொழிலாளர் எத்தனை பேரோ! அவர்களைப் பொய்யர் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனால், பிழைபட்ட சொல்லையும் பாஷ்யகாரர் சத்தியத்துக்குப் புறம்பாகவே வைத்தார் என்பதை மறத்தலாகாது. விசாரியாமல் நம்பியதைப் பிறருக்கு உரைப்பவன் வஞ்சகன் அல்லனாயினும் சத்தியத்தைக் காத்தவன் ஆகான். மூலப்பொருள் விற்பவனுடைய ஒரு பொய், நூறு நல்லவர்களின் வாயால் நூறு முறை பிறக்கிறது. ஆகையால் கடைசியில் கட்டியை வார்ப்பவனைவிட முதலில் சரக்கை விற்பவனுக்கே பொறுப்பு மிகுதி.

மலட்டுச் சொல்லைப்பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். ‘ஸ்டியரிக் அமிலம்’ என்று எழுதுவது பொய்யன்று. ஆனால் அது பனையெண்ணெயிலிருந்தும் வரலாம், மாட்டுக் கொழுப்பிலிருந்தும் வரலாம். வனஸ்பதியில் மாட்டுக் கொழுப்புக் கலந்த செய்தி 1983-ஆம் ஆண்டில் இந்நாட்டில் எழுப்பிய கொந்தளிப்பை அறிந்த எவரும், ஸ்நானம் செய்து பூஜைக்குச் செல்லும் ஒருவருக்கு இந்த வேற்றுமை எவ்வளவு பெரியது என்பதை உணர்வர். ‘வாசனை’ என்ற ஒரே சொல்லும் இத்தகையதே. அதற்குள் நாற்பது, ஐம்பது பொருள்கள்கூட அடங்கியிருக்கக்கூடும். அவற்றுள் ஒவ்வாமை விளைவிக்கக்கூடிய 26 பொருள்களை, கழுவிவிடும் சரக்கில் நூற்றுக்கு 0.01 பங்குக்கு மேற்படுமானால் பெயர் சொல்லியே எழுதவேண்டும் என்று ஐரோப்பிய நாடுகள் 2003-ஆம் ஆண்டில் சட்டம் செய்தன; 2023-இல் அந்தப் பட்டியலை எண்பதுக்கு மேலாக விரித்தன. அப்பட்டியலிலுள்ள லினலூலும் லிமோனீனும் லாவெண்டர் எண்ணெயிலும் எலுமிச்சை எண்ணெயிலும் இயற்கையாகவே நிறைந்தவை. இயற்கையிற் பிறந்தது என்பதனால் ஒரு பொருள் தன் பெயரைச் சொல்லும் கடமையிலிருந்து விடுபடுவதில்லை.

எண்ணெய், காரம், உப்பு, வாசனைத் திரவியம் ஆகியவற்றில் அதே நிறமுடைய மட்டமான பொருளைக் கலந்து விற்பவனுக்குப் பன்னிரண்டு பணம் அபராதம் என்று கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் விதித்தது. சோப்புக்குரிய மூலப்பொருள்கள் பெரும்பாலும் அந்த ஒரே விதியில் வந்துவிடுகின்றன. அரசனுடைய தண்டனை எட்டாத இடங்களிலும் செல்லுபடியாவது மனச்சாட்சி ஒன்றே. ஆகவே சோப்புப் பொருள்கள் விற்போரை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: காரத்தை எழுதுங்கள், கொழுப்பு எந்தச் செடியினது, எந்தப் பிராணியினது என்பதை எழுதுங்கள், ஆலையில் செய்த வாசனையாயின் அதனையும் தயங்காமல் எழுதுங்கள், வாங்குவோர் படிக்கும் பாஷையில் எழுதுங்கள். வாங்கிச் சோப்புச் செய்யும் சகோதர சகோதரிகளே, இவை எழுதப்படாத சரக்கை எடுக்குமுன் கடைக்காரரைக் கேளுங்கள். விடை கிடைக்காவிட்டால் அந்தச் சரக்கை வாங்காதீர்கள்.